மெதுவா எவ்வளவு வேணும்னாலும் ஓடலாமா?

முதல்லயே டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. 47 வயசு, தினம் ஒரு பிபி மாத்திரை, காலையில அஞ்சு மணிக்கு ஷூ மாட்டற பழக்கம், அவ்வளவுதான் நம்ம தகுதி. இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடவும் வேண்டாம், நாளைக்கே நூறு கிலோமீட்டர் கிளம்பிடவும் வேண்டாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஓட்டக்காரங்க நடுவுல ஒரு தீராத சண்டை இருக்கு. கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து ஓடறது பெருசா, மெதுவா ஓடி மணிக்கணக்கா இழுக்கறது பெருசா? எங்க வீட்டுக்குள்ளேயே இதுக்கு ரெண்டு கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் தங்கமணியோட தம்பி. ஜிம் ஆசாமி. அவரோட மொத்த உடற்பயிற்சியும் 20 நிமிஷம்தான். ஆனா அந்த 20 நிமிஷமும் பின்னாடி நாய் துரத்தற மாதிரி. முப்பது செகண்ட் வெறி, முப்பது செகண்ட் மூச்சு, மறுபடி வெறி. முடிச்சதும் தரையில மல்லாந்துடுவார். "அதான் மாமா உழைப்பு. நீங்க பண்றது பொழுதுபோக்கு" என்பார்.

அவர் கிண்டலுக்குக் காரணம் இருக்கு. போன பிப்ரவரியில ஒரு ஸ்டேடியத்தில் நடந்த 12 மணி நேர ஓட்டத்தில் கலந்துக்கிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சு காலை ஆறு மணி வரைக்கும். 400 மீட்டர் டிராக். அதையே சுத்திச் சுத்தி வரணும், செக்கு மாடு மாதிரி. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் திசை மாத்தி விடுவாங்க, அன்னிக்கு ராத்திரி நடந்த ஒரே சுவாரசியமான சம்பவம் அதுதான் :-) நான் 195 சுற்று வந்தேன். 78 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தா மணிக்கு ஆறரை கிலோமீட்டர். பஸ்ஸைப் பிடிக்க அவசரமா நடக்கறவர் போற வேகம்.

"ஒருத்தர் செல்போன்ல பேசிக்கிட்டே நடந்தா உங்களை முந்திடுவார் மாமா. இதுக்கு ஒரு மெடலா?"

நான் பதில் சொல்லலை. அப்போ மாடிப்படி இறங்கறதே எனக்குப் பெரிய வேலையா இருந்துச்சு.

ஆனா அந்தக் கிண்டலுக்குள்ள ஒரு நியாயமான கேள்வி ஒளிஞ்சிருக்கு. உழைப்புன்னா எது? ஒரு நிமிஷத்துல எவ்வளவு கொடுத்தோம்ங்கறதா, மொத்தமா எவ்வளவு கொடுத்தோம்ங்கறதா?

மொத்தக் கணக்குல இருந்து ஆரம்பிக்கலாம். அது சுலபம். ரொடோல்ஃபோ மார்கரியான்னு இத்தாலியில ஒரு உடலியல் விஞ்ஞானி இருந்தார். அவரும் அவர் சகாக்களும் 1963ல் ஓட்டத்துக்கு ஆகிற செலவை அளந்து சொன்னது இது: சமதரையில் ஓடும்போது, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, கிட்டத்தட்ட ஒரு கலோரி. வேகம் கூடினாலும் குறைஞ்சாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நம்ம எடை 65 கிலோ. பத்து கிலோமீட்டரை 50 நிமிஷத்தில் விரட்டினாலும் 650 கலோரி, ஒன்றரை மணி நேரம் உருட்டினாலும் ஏறக்குறைய அதே 650. அப்படின்னா 78 கிலோமீட்டருக்கு 5,000 சொச்சம். நடுநடுவே நடந்திருக்கேன், அதுக்காகக் கொஞ்சம் கழிச்சுக்கலாம். மணிக்கு ஏழு கிலோமீட்டர் வாக்குல ஒரு எல்லைக்கோடு இருக்கு. அதுக்குக் கீழே ஓடறதைவிட நடக்கறது சிக்கனம், அதுக்கு மேலே நடக்கறதைவிட ஓடறது சிக்கனம். என்னை மாதிரி ஆளுங்க அந்தக் கோட்டு மேலேயே குடித்தனம் நடத்தறோம்.

மச்சினரோட 20 நிமிஷம்? என்னதான் வெறியா பண்ணினாலும் 300 கலோரியைத் தாண்டறது கஷ்டம். மொத்தக் கணக்குல நம்ம கட்சி அமோக வெற்றி.

ஆனா இந்த வெற்றியை வச்சு ஊர்வலம் போக முடியாது. பத்து கிலோமீட்டரை 50 நிமிஷத்துல முடிச்சவருக்கும் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சவருக்கும் ஒரே உழைப்புன்னு எந்த ஓட்டக்காரரும் ஒத்துக்க மாட்டார். முன்னவர் கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல பட்ட பாடு கலோரிக் கணக்குல வரவே வராது. இந்தக் குறையைச் சரி பண்ணத்தான் எரிக் பானிஸ்டர்னு கனடாவில் ஒருத்தர் 1970களில் வேற சூத்திரம் கொடுத்தார். ஓடின நேரத்தை இதயத் துடிப்பால பெருக்கணும். அதுவும் சாதாப் பெருக்கல் இல்லை. துடிப்பு ஏற ஏற அதுக்குக் கொடுக்கிற மதிப்பும் மடமடன்னு ஏறும். அப்புறம் அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் இதை இன்னும் எளிமையாக்கினார். மிஷினே வேண்டாம். ஓடி முடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, "பத்துக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?"ன்னு கேட்டுக்கணும். வர்ற நம்பரை நிமிஷத்தால பெருக்கணும். முடிஞ்சது கணக்கு.

எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. என் பத்து கிலோமீட்டர் பந்தயம்: 50 நிமிஷம், கஷ்டம் 8, மொத்தம் 400. இப்போ அந்த 12 மணி நேரத்துக்கு வருவோம். 720 நிமிஷம். கஷ்டம் எத்தனை?

இங்கதான் மாட்டிக்கிட்டேன். முதல் மணி நேரத்துல கஷ்டம் 2. பக்கத்துல ஓடினவர்கிட்ட அவர் பொண்ணோட கல்யாணக் கதை முழுக்கக் கேட்டுக்கிட்டே ஓடினேன். நடு ராத்திரியில 4. விடியற்காலை நாலு மணிக்கு 8, சில சுற்றுகளில் 9. வேகம் கூடவே இல்லை. முதல் மணியில் 17 சுற்று வந்தவன் கடைசி மணியில் 14தான் வந்தேன். வேலை குறைஞ்சுக்கிட்டே போச்சு, கஷ்டம் ஏறிக்கிட்டே போச்சு. சராசரி 5ன்னு வச்சாலும் 3,600. ஒரே ராத்திரியில ஒன்பது பத்து-கிலோமீட்டர் பந்தயம்!

கையில கட்டியிருந்த வாட்ச் இன்னும் பெரிய கூத்து. மூணாவது மணியில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு பத்து கூடியிருந்தது. இது எல்லாருக்கும் நடக்கறதுதான். வியர்வையில தண்ணி போகப் போக, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளற ரத்தம் குறையும், அதைச் சரிக்கட்ட எண்ணிக்கையைக் கூட்டும். ஆனா விடியற்காலையில பார்த்தா துடிப்பு இறங்கிப் போய் 112ல நிக்குது. இதயத்துக்கு வேலை இல்லை, ஏன்னா வேலை கேட்கற நிலைமையில் கால் இல்லை. வாட்ச் பார்வையில் நான் பூங்காவில் உலாத்திக்கிட்டிருக்கேன். என் பார்வையில் அடுத்த வளைவு வருமா வராதான்னு இருக்கு. தீவிரத்தை இதயத் துடிப்பால மட்டும் அளக்கறவங்க இந்த நாலு மணியை ஒரு தடவை பார்க்கணும்.

"அப்போ ஆரம்பத்துலயே, உடம்பு நல்லா இருக்கும்போதே வேகமா ஓடி சேர்த்து வச்சுக்கலாமே?" இந்தக் கேள்வியை ஒவ்வொரு புது ஆளும் கேட்பார். அன்னிக்கு ராத்திரி ஒரு தம்பி அதைச் செய்தும் காட்டினார். நல்ல ஓட்டக்காரர், என்னைவிட இருபது வயசு சின்னவர். முதல் மணி நேரத்துல என்னை ஒன்பது தடவை சுத்தி வந்தார். ஒவ்வொரு தடவையும் "சூப்பர் அங்கிள்"னு சொல்லிட்டுப் போனார் (அங்கிள்!). ராத்திரி ஒரு மணிக்கு 60 கிலோமீட்டர் முடிச்சிருந்தார். அதோட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையில துண்டைப் போட்டுக்கிட்டார். குடிச்ச தண்ணிகூட வயித்துல நிக்கலை.

இதுக்குப் பின்னால இருக்கறது எரிபொருள் சமாச்சாரம். உடம்புல ரெண்டு விதமா சேமிப்பு இருக்கு. தசையிலும் ஈரலிலும் இருக்கிற கிளைகோஜன், சட்டைப் பையில இருக்கிற பணம் மாதிரி. உடனே எடுக்கலாம், ஆனா மொத்தமே 2,000 கலோரி வாக்குலதான் இருக்கும். கொழுப்பு, பேங்க்ல போட்ட டெபாசிட். பத்து கிலோ கொழுப்புன்னா 70,000 கலோரிக்கு மேல. ஆனா கவுன்டர்ல க்யூ மெதுவாத்தான் நகரும். தீவிரம் குறைவா இருந்தா உடம்பு பெரும்பாலும் டெபாசிட்ல இருந்து எடுத்துக் கொடுக்கும். வேகம் கூடக் கூட சட்டைப் பையில கை வைக்கும். ஒரு கட்டத்துக்கு மேல கிட்டத்தட்ட முழுச் செலவும் பையிலிருந்துதான். ப்ரூக்ஸ், மெர்சியர்னு ரெண்டு பேர் 1994ல் இதைத் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. சாப்பிட்டு ஈடுகட்டலாம்னா அதுக்கும் ரேஷன் உண்டு. சாதாரணமா மணிக்கு 60 கிராம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸும் கலந்து பழகினவங்களுக்கு 90 கிராம் வாக்குல. வேகமா ஓடும்போது குடலுக்குப் போற ரத்தம் பெருமளவு குறைஞ்சுடறதால அதுவும் ஏறாது. அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான். அவருக்குக் கால்ல தெம்பு இருந்துச்சு, வயிறு கடையைச் சாத்திடுச்சு.

ஆக, நீண்ட தூரத்துல தீவிரமும் மொத்தமும் ரெண்டு தனித்தனி சரக்கு இல்லை. மொத்தத்துக்குக் கொடுக்கிற விலைதான் தீவிரம். அதைக் குறைச்சுக் குறைச்சுத்தான் தூரத்தை வாங்கணும்.

உடனே, "அப்போ அல்ட்ரா ஓடறவங்க எல்லாரும் ஆமைகளா?"ன்னு கேட்கக் கூடாது. மெதுவுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். லித்துவேனியாக்காரர் அலெக்சாண்டர் சொரோகின் 2022 செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் 24 மணி நேரத்தில் 319.614 கிலோமீட்டர் ஓடினார். ஒரு கிலோமீட்டருக்கு நாலரை நிமிஷம். மாரத்தான் கணக்குல சொன்னா 3 மணி 10 நிமிஷத்துக்கு ஒரு மாரத்தான், அப்படி ஏழரை மாரத்தான், நிறுத்தாம! கிரேக்க நாட்டு யானிஸ் கூரோஸ் 1997ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஓடின 303.506 கிலோமீட்டர் இருபத்து நாலு வருஷம் யாரும் தொட முடியாம நின்னுச்சு. அதை 2021ல் உடைச்சவரும் இதே சொரோகின்தான். ஆனா இதையும் பாருங்க. 3 மணி 10 நிமிஷத்துல ஒரு மாரத்தானை முடிக்கற அமெச்சூர் ஆட்கள் நம்ம ஊர்லயே இருக்காங்க. 2023ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 செகண்டுல முடிச்சார். சொரோகினோட வேகம் அதுக்குப் பக்கத்துலயே இல்லை. நம்ம ஆளுக்கு நாக்கு தள்ளற வேகம் அவருக்கு அரட்டை அடிக்கற வேகம், அதுதான் ரகசியம்.

இதோட இன்னொரு முனையில நிக்கறவர் க்ளிஃப் யங். இவர் கதை ஒரு காலத்துல ஃபார்வர்ட் மெயிலா எல்லார் இன்பாக்ஸுக்கும் வந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து உருளைக்கிழங்கு விவசாயி. 1983ல் சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம். 61 வயசுத் தாத்தா வந்து நிக்கறார். கூட நிக்கறவங்க எல்லாம் தேர்ந்த ஓட்டக்காரர்கள். அவங்க பகல்ல வேகமா ஓடி ராத்திரி சில மணி நேரம் படுத்தாங்க. தாத்தா காலைத் தூக்காம தரையோட தேச்சுத் தேச்சு ஒரு மாதிரியா ஓடுவார். தூக்கத்தைக் குறைச்சுக்கிட்டு அப்படியே போய்க்கிட்டே இருந்தார். 5 நாள் 15 மணி 4 நிமிஷத்துல முதல் ஆளா முடிச்சு, பரிசுப் பணம் 10,000 டாலரையும் மத்த ஓட்டக்காரர்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டார். ஃபார்வர்ட் மெயிலில் அவர் ஆடு மேய்ச்ச கையோடு நேரா பந்தயத்துக்கு வந்தவர் மாதிரி எழுதியிருப்பாங்க. அது கொஞ்சம் மசாலா. அதுக்கு முந்தின வருஷமே ஆயிரம் மைல் சாதனையை உடைக்கப் பார்த்து, பாதி தாண்டி 805 கிலோமீட்டர்ல நிறுத்தினவர் அவர். நல்லா பயிற்சி எடுத்த ஆள். மசாலா இல்லாமலே கதை நல்லாத்தான் இருக்கு.

அவரோட சராசரி வேகத்தை ஒரு நாள் சும்மா வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 6.48 கிலோமீட்டர். நான் 12 மணி நேரம் பிடிச்ச அதே வேகம்! அவர் அதை 135 மணி நேரம் பிடிச்சிருக்கார், தூங்கின நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் சேர்த்து. மச்சினருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அப்ப தாத்தாவும் வாக்கிங்தான்"ன்னுட்டு வச்சுட்டார்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வீட்டுச் சண்டைக்காக மட்டும் பண்ணினது இல்லை. எனக்கு பிபி கண்டுபிடிச்சது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அப்போ டாக்டர், "மூச்சு வாங்கற அளவுக்கு ஓடாதீங்க சார். மெதுவா, பேசிக்கிட்டே ஓடற மாதிரி, எவ்வளவு வேணும்னாலும் ஓடுங்க" என்றார். பத்து கிலோமீட்டர் பந்தயங்களில் நேரத்தைக் குறைக்கறதுதான் அதுவரைக்கும் எனக்கிருந்த ஒரே போதை. அதை விட்டுட்டு இந்தப் பக்கம் வந்ததே அந்த "எவ்வளவு வேணும்னாலும்"ஐப் பிடிச்சுக்கிட்டுத்தான். ஸ்டேடியத்து ஓட்டம் முடிஞ்ச மூணாம் நாள் வழக்கமான செக்கப்புக்குப் போய், பெருமையா விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் பேனாவைக் கீழே வச்சுட்டார்.

"எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"பன்னண்டு மணி நேரம் சார். ஆனா மெதுவா."

"நான் எவ்வளவு வேணும்னாலும்னு சொன்னப்போ ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தை மனசுல வச்சுச் சொன்னேன்."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கிரியாட்டினின் சரியா இருந்தது, அதாவது கிட்னி தப்பிச்சது. ஆனா சிகேன்னு ஒண்ணு இருக்கு, தசை சிதைஞ்சா ரத்தத்துல கலக்கற என்சைம். சாதாரணமா 200க்குள்ள இருக்கணும். எனக்கு 2,800. மறுவாரம் எடுத்தப்போ 190க்கு வந்துடுச்சு. அந்த ஒரு வாரம் வீட்டில் நிலவின அமைதியைப் பத்தி எழுதினா தனிப் பதிவு ஆகும். தங்கமணி ஷூவை எடுத்து பரண் மேல வச்சுட்டாங்க.

ஆக, மெதுவா ஓடினா சேதமே இல்லைங்கறது பொய். அப்போ சேதத்தை உண்டாக்கறது எது, நேரமா, தூரமா, வேகமா? இதைத் தேடும்போது கிடைச்ச ஒரு ஆராய்ச்சி என்னை அசத்திடுச்சு.

ஆல்ப்ஸ் மலையில ரெண்டு பெரிய ஓட்டங்கள் நடக்குது. பிரான்ஸின் ஷாமோனியிலிருந்து மோன் ப்ளாங்கைச் சுத்தி வர்றது யூடிஎம்பி, 170 கிலோமீட்டர் வாக்குல வரும். இன்னொண்ணு இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்குல 2010ல் ஆரம்பிச்ச டோர் டே ஜெயான், அதாவது ராட்சதர்களின் சுற்று. 330 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 24,000 மீட்டர், அவகாசம் 150 மணி நேரம். முன்னதைப் போல தூரத்துல ரெண்டு மடங்கு, ஏற்றத்துல ரெண்டு மடங்குக்கும் மேல. ஓடினவங்க தசை எந்த அளவு பலம் இழந்திருக்குன்னு விஞ்ஞானிகள் ரெண்டு இடத்துலயும் அளந்தாங்க. யூடிஎம்பி முடிச்சவங்க தொடையில சுமார் மூணுல ஒரு பங்கு பலம் போயிருந்தது. டோர் முடிச்சவங்களுக்கு? நாலுல ஒரு பங்குதான். நான் மேலே சொன்ன சிகே அளவும் டோர்காரங்களுக்குக் குறைவு, உடம்பின் அழற்சியும் குறைவு. 2013ல் வெளியான முடிவு இது. ரெண்டு மடங்கு தூரம், ஆனா குறைச்ச சேதம்!

காரணமா அவங்க சொல்றது ஆரம்பத்திலிருந்தே வேகத்தை அடக்கி வைக்கறதை. நாலஞ்சு நாள் போகணும்னு தெரிஞ்சவர் முதல் இறக்கத்துலயே தடதடன்னு இறங்க மாட்டார். இறக்கத்துல ஓடும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது, அதுதான் தசையை அதிகமா கிழிக்கிற வேலை. அதுவும் போக, தூக்கம் இல்லாத உடம்பு தானாகவே வேகத்தைப் பிடிச்சு இழுக்கும். எனக்கு இதுல ஒரு சந்தேகமும் உண்டு. அளந்தது முடிச்சவங்களை. நடுவுல விட்டுட்டு பஸ் ஏறிப் போனவங்க தொடையை யார் அளந்தா? இருந்தாலும் முடிச்சவங்களை முடிச்சவங்களோட ஒப்பிட்டா, தசைக்குச் சேதம் தூரத்தைவிட வேகத்தாலதான் அதிகம்னு நம்ப இடம் இருக்கு.

ஆனா நேரத்துக்கே உரிய ஆபத்துகள் தனியா இருக்கு. வேகமா ஓடறவங்க பக்கத்துல அவை வரவே வராது. உதாரணம், தண்ணி. தாகத்துக்கு மேல குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போய் ஆளையே சாய்ச்சுடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சப்போ 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. அதிகம் மாட்டினவங்க ஓட்டத்தின்போது எடை கூடினவங்களும், நாலு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டவங்களும். மெதுவா போறவருக்குக் குடிக்க நேரம் நிறைய, அவ்வளவுதான் விஷயம். அடுத்தது வலி மாத்திரை. ராத்திரி ரெண்டு மணிக்கு கால் வலிக்கும், பக்கத்துல ஒருத்தர் ப்ரூஃபன் நீட்டுவார். ஏற்கனவே தண்ணி குறைஞ்சு, தசை சிதைஞ்ச கழிவை வடிகட்டிக்கிட்டிருக்கிற கிட்னிக்கு அந்த மாத்திரை கூடுதல் சுமை. டாக்டர் என்கிட்ட முதல்ல கேட்ட கேள்வியே, "பெயின் கில்லர் போட்டீங்களா?" என்பதுதான். போடலை. அதுக்கு மட்டும் தலையாட்டினார்.

இன்னொரு உச்சவரம்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2015ல் ஒரு சின்னக் குழு அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்கா ஓடிக் கடந்துச்சு. 140 நாள், வாரத்துக்கு ஆறு மாரத்தான், கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர். ஹெர்மன் பான்ட்சர் குழு அவங்க உடம்பு எரிக்கற கலோரியை அளந்து 2019ல் வெளியிட்டாங்க. சும்மா படுத்துக் கிடந்தாலே ஆகிற செலவு ஒண்ணு இருக்கில்லையா, அதுபோல எத்தனை மடங்குன்னு பார்க்கறதுதான் கணக்கு. ஒரு நாள்னா பல மடங்கு போகலாம். மூணு வாரம் நடக்கிற டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல சுமார் 5 மடங்கு. மாசக்கணக்குல போனா 2.5 மடங்குல வந்து நின்னுடுது. அதுக்கு மேல செலவழிச்சா சாப்பாடு ஈடுகொடுக்காது, உடம்பைத்தான் கரைக்கணும். ஓட்டத்தின் கடைசி வாரங்களில், ஓடின தூரத்தை வச்சு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 600 கலோரி வாக்குல குறைவாவே அவங்க உடம்பு செலவழிச்சுதாம். வேற எங்கேயோ சிக்கனம் பண்ணியிருக்கு! அதே வரைபடத்துல இன்னொரு புள்ளியும் இருக்கு. கர்ப்பம். 2.2 மடங்கு, அதுவும் ஒன்பது மாசத்துக்கு. அமெரிக்காவைக் கடந்த வீரர்களுக்குக் கொஞ்சம்தான் கீழே.

இதைத் தங்கமணிகிட்ட படிச்சுக் காட்டினேன். "நான் ரெண்டு தடவை ஓடியிருக்கேன். ஒரு மெடலும் வரலை"ன்னாங்க. மச்சினரும் பக்கத்துல இருந்தார். அவர்கூட வாயைத் திறக்கலை.

ஷூ பரணிலிருந்து இறங்கிடுச்சு. நிபந்தனைகளோட. அடுத்த பிப்ரவரியில் அதே ஸ்டேடியம், அதே 12 மணி நேரம். 24 மணி நேரப் பிரிவுக்கு இப்போதைக்குத் தடையுத்தரவு. வாரத்துல நாலு நாள் பேசிக்கிட்டே ஓடற ஓட்டம், டாக்டர் சம்மதத்தோட ஒரே ஒரு நாள் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கறது. ஓட்டத்தன்னிக்கு முதல் சுற்றிலிருந்தே எட்டு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. முதல் மணியில் 16 சுற்றுக்கு மேல போகக் கூடாது, கடைசி மணியிலும் 16 வரணும். வந்தா மொத்தம் 192தான் ஆகும், போன தடவையைவிட மூணு சுற்று குறைவு. பரவாயில்லை, நான் பார்க்க நினைக்கறது அந்தக் கடைசி மணியோட 16ஐத்தான். மூணு நாள் கழிச்சு அதே லேப்ல அதே சிகே டெஸ்ட்டும் எடுத்து, ரெண்டு நம்பரையும் இங்கேயே போடறேன்.

ஒரே ஒரு பிரச்சினைக்குத்தான் இன்னும் வழி தெரியலை. ஒன்பதாவது மணிக்கு மேல இனிப்புன்னாலே குமட்டுது. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், ஜெல் எதுவும் இறங்கலை. கையில பிடிச்சுக்கிட்டே தின்னற மாதிரி, உப்பா, விடியற்காலை மூணு மணிக்கும் ஊசிப் போகாம இருக்கற ஏதாவது ஒண்ணு உங்க வீட்டுல பண்ணுவாங்கன்னா சொல்லுங்க மக்களே. புளியோதரை வேண்டாம், நெஞ்செரிச்சல்.